பள்ளிப் பிள்ளைக்குப் படிப்புச் சாதனம் வாங்குவது எப்படி? திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் வண்ணார்பேட்டையில் உள்ள என் பழுதுபார்க்கும் மேசைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். போன ஜூனில் வாங்கிய டேப்லெட்டை உடைந்த சார்ஜிங் துளையோடு கொண்டுவருகிறவர்கள் ஒரு வகை. வருகிற ஜூனுக்கு எதை வாங்கலாம் என்று கேட்க வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்கள் ஒரு வருடம் முன்பே இரண்டாம் வகையாக வந்திருந்தால் எனக்கு வருமானம் குறைந்திருக்கும்; அவர்களுக்கு நிம்மதி கூடியிருக்கும்.

முக்கூடலிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில், பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு டேப்லெட் வாங்கியிருந்தார். 2 ஜிபி ரேம் (சாதனம் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), 32 ஜிபி சேமிப்பு. "படிக்கிற பிள்ளைக்கு இதுவே தாராளம் என்று கடையில் சொன்னார்கள், அண்ணாச்சி" என்றார். மகள் எடுத்திருந்த பாடம் கணினி அறிவியல். சி++ நிரல் எழுத விசைப்பலகை வேண்டும், பெரிய திரை வேண்டும். அந்த டேப்லெட்டோ பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறக்கவே மூச்சு வாங்கியது. அதில் பழுது ஒன்றும் இல்லை. பழுதில்லாத பொருளை நான் எப்படிச் சரிசெய்வது?

அந்த அம்மாவிடம் கடையில் யாரும் கேட்காத கேள்விகளைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் வீட்டை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதல் படி: ஒரு வாரம் கடைப்பக்கம் போகாதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து உங்கள் செல்பேசி பக்கத்தில் வையுங்கள். பிள்ளை படிப்புக்காகப் போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக என்று ஒரு வரி எழுதட்டும். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் பார்த்தேன், வேதியியல் வீடியோ பார்த்தேன், போன வருட வினாத்தாள் இறக்கினேன் என்று இருந்தால் போதும்.

வாரக் கடைசியில் அந்த வரிகளைப் பார்ப்பது, படிப்பது, எழுதுவது, செய்வது என நான்காகப் பிரியுங்கள். பார்ப்பதும் படிப்பதும் மட்டுமே இருந்தால் டேப்லெட் போதும். கட்டுரை தட்டச்சு செய்தேன், கணக்குத்தாள் போட்டேன், நிரல் எழுதினேன் என்ற வரிகள் வர ஆரம்பித்தால் விசைப்பலகை உள்ள சாதனம் வேண்டும். எல்லாமாகச் சேர்ந்து நாளுக்கு அரை மணி நேரம்கூட வரவில்லையா? இந்த வருடம் எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மேசையும் மேசை விளக்கும் வாங்குங்கள். இதைச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. அவர்கள் பிறகு என்னைத் திட்டியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் படி: கையருகே இருப்பதைக் கணக்கெடுங்கள்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. அது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. டவுனிலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ சனிக்கிழமை ஒரு பஸ் ஏறினால் போதும்; படிப்பதற்கு அமைதியாவது அங்கே இலவசம்.

அரசு கொடுக்குமே என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும் எட்டியது. அந்தக் கணினிகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அக்கா படித்தது, தம்பிக்கு வந்து, இப்போது சித்தி மகளிடம் இருக்கும். 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது கல்லூரி மாணவர்களுக்கு. ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை நம்பி ஒத்திப்போடவும் வேண்டாம். கல்லூரிக்கும் சேர்த்தே இப்போதே பெரிதாக வாங்கிவிடலாம் என்று கடன் வாங்கவும் வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வகைச் சாதனம்?

விளம்பரத்தில் வரும் பிள்ளை மெல்லிய லேப்டாப்பைப் புத்தகப்பையில் போட்டுக்கொண்டு துள்ளிக் குதித்துப் பள்ளிக்குப் போகும். நம் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் எந்தச் சாதனத்தையும் வாசலுக்குள் விடுவதில்லை. ஆக, நீங்கள் வாங்கப்போவது வீட்டிலேயே இருக்கப்போகிற சாதனம். அப்படியிருக்க, ஒரு கிலோ எடைதான், காகிதம் போல மெலிசு என்பதற்கெல்லாம் எதற்குக் கூடுதல் பணம்? இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

இதிலிருந்துதான் என் முதல் பரிந்துரையும் வருகிறது. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நிரந்தரமான மேசை ஒன்று இருக்கும் வீட்டில், பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைக்கு, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த சிறிய டெஸ்க்டாப் கணினியே சிறந்த சாதனம். கீழே விழாது. போர்வைக்குள் போகாது. விசைப்பலகை உடைந்தால் புதிதாக ஒன்றை மாட்டிவிடலாம். லேப்டாப்பில் அதே வேலைக்குப் பல மடங்கு ஆகும். திரை கண்ணுக்கு நேராக நிற்கும், கழுத்து வலிக்காது. கூடவே, கரண்ட் போனாலும் கணினி சட்டென்று அணையாமல் தாங்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பணத்தில் கிடைக்கும் லேப்டாப்பைவிட இது நன்றாக உழைக்கும்.

மேசை வைக்க இடமில்லாத வீடு, அடிக்கடி ஆச்சி வீட்டுக்குப் போய்வரும் பிள்ளை, விடுதியில் தங்கும் பிள்ளை என்றால் லேப்டாப். ஒன்பது, பத்து வகுப்புக்கு, அதிலும் வீடியோவும் பாடநூலும்தான் முக்கியம் என்றால், 10 அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட். 8 அங்குலத்தில் பாடநூல் பக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது. பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கி, கடைசியில் பிள்ளை விளையாட்டுக்குப் போய்விடும்.

பாடப்பிரிவும் முடிவை மாற்றும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் என்ற நிரல்மொழி வருகிறது, கணக்குப்பதிவியலில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வருகிறது. இரண்டுக்கும் டேப்லெட் சரிப்படாது. நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளையென்றால் இன்னொரு விஷயம் உண்டு. நீட் தேர்வு வினாத்தாளும், விடை வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளும், பேனாவுமாகவே நடந்து வந்திருக்கிறது. அதற்குத் தயாராகும் பிள்ளைக்குத் திரையைவிடத் தாளில் எழுதிப் பழகுவதே முக்கியம். பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு முழுக்கக் கணினியில். அதில் எண் விடைகளைத் திரையில் தெரியும் எண்பலகையில் சுட்டியால் சொடுக்கித்தான் உள்ளிட வேண்டும். டேப்லெட்டில் விரலால் தொட்டே பழகிய பிள்ளை, தேர்வறையில் சுட்டியைப் பிடித்துத் தடுமாறும். ஆறு மாதம் முன்பிருந்தே மாதிரித் தேர்வுகளைக் கணினியில் எழுதட்டும்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு சொல். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. பிரெயிலோடு வளர்ந்த ஊர் இது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பு வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் வாசிக்கும். இந்தப் பிள்ளைகளுக்குத் திரையின் அளவு பொருட்டே இல்லை. விசைகள் நன்றாகத் தட்டுப்படும் விசைப்பலகைக்கும், காதில் உறுத்தாத ஹெட்போனுக்கும் பணத்தைச் செலவிடுங்கள்.

நான்காம் படி: அட்டைப்பெட்டியில் படிக்க வேண்டிய எண்கள்

டேப்லெட் என்றால் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, மெமரி கார்டு போடும் துளை. விண்டோஸ் கணினி என்றால் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான். அது கணினி உயிரோடு இருப்பதற்கான அளவு. வேலை செய்வதற்கான அளவு வேறு.

மலிவு லேப்டாப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. சேமிப்பு என்ற இடத்தில் 64 ஜிபி ஈஎம்எம்சி என்று போட்டிருக்கும். அது பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த சிப். கழற்றிப் பெரிதாக மாற்ற முடியாது. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் வருடம் புதுப்பிக்கவே இடம் இருக்காது. புத்தம் புதிய ஈஎம்எம்சி லேப்டாப்பா, நான்கு வருடம் ஓடிய எஸ்எஸ்டி லேப்டாப்பா என்று கேட்டால், யோசிக்காமல் பழையதையே எடுப்பேன்.

டேப்லெட்டில் யாரும் கேட்காத எண் ஒன்று உண்டு: எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது. ஒன்பதாம் வகுப்பில் வாங்கினால் பன்னிரண்டு முடியும்வரை நான்கு வருடம். அதற்கு முன்பே புதுப்பிப்பு நின்றுவிடும் சாதனம் எத்தனை மலிவானாலும் எனக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: பழைய சாதனம் வாங்குகிறீர்களா? பகலில் போங்கள்

பழையது வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை. என் மகள் படிப்பது டெல் லாட்டிட்யூட் ஒன்றில். முதலில் ஏதோ ஒரு நிறுவனத்தில் யாரோ ஒரு அதிகாரி தட்டியது. லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் போன்றவை அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டவை. திறந்து பழுதுபார்க்கவும் எளிது, உதிரிப்பாகமும் கிடைக்கும்.

முதலில் செயலி, அதாவது கணினியின் மூளையான பிராசசர். "ஐ5 இருக்கிறது சார்" என்பார் விற்பவர். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 4300 என்றால் நான்காம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன, விலையும் ஆசை காட்டுகிறது. அவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவார்கள். அடுத்த பெரிய புதுப்பிப்பில் தகராறு வரலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்தச் சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள். பைதானும், கட்டுரைக்கும் கணக்குத்தாளுக்குமான லிப்ரே ஆஃபீஸும், தமிழும் அதில் நன்றாகவே ஓடும்.

அடுத்து பேட்டரி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. விற்பவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே என்றால், புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். தொடுபலகைப் பக்கம் மேடாகப் புடைத்திருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு திரையை முழு வெள்ளையாக்கிப் பாருங்கள். மஞ்சள் படிவும் கறுப்புப் புள்ளிகளும் அப்போது தெரியும். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கேமரா, மைக், வைஃபை, ஒவ்வொரு யுஎஸ்பி துளை. திரையின் கீலைத் திறந்து பாதியில் விடுங்கள். நிற்க வேண்டும், சரியக் கூடாது. இதெல்லாம் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. பகலில் போகச் சொன்னது அதற்குத்தான். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த சாதனம் என்றால் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சையாகப் பூத்திருக்கும்.

கடைசியாகப் பூட்டு. முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்படாத டேப்லெட், நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு நீங்காத லேப்டாப், இரண்டுமே உங்கள் கையில் செங்கல். உங்கள் கண் முன்னால் முழுதாக அழித்து, புதிதாகத் தொடங்கவைத்து, உங்கள் கணக்கில் உள்ளே போன பிறகு பணம் கொடுங்கள். சிம் போடும் டேப்லெட் என்றால் அதற்கென்றே தனியாக இருக்கும் ஐஎம்இஐ அடையாள எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் பொருளாகத் தடுக்கப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். ஒரு பிள்ளையின் படிப்பை இன்னொரு பிள்ளைக்காக விலைபேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆறாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

இருபதாயிரம் கையில் இருந்தால், சாதனத்துக்குப் பதினேழாயிரம். மீதி மூவாயிரம் உறை, சுட்டி, ஹெட்போன், மின்பாதுகாப்பு ஆகியவற்றுக்கு. இருபதாயிரத்தையும் சாதனத்திலேயே போட்டுவிட்டு உறையில்லாமல் கொடுக்கிற வீடுதான் மூன்றாம் மாதம் என்னிடம் வரும்; திரைக்கு ஐந்தாயிரம் கேட்டால் நான் கொள்ளைக்காரன்.

வட்டியில்லாத் தவணை என்ற பலகையைப் பார்த்தால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடுகிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். கம்மலை அடகு வைத்து வாங்க வேண்டிய அளவுக்கு எந்த டேப்லெட்டும் அவசியமில்லை. பில்லில் சாதனத்தின் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "இது எங்கள் கடைப் பொருளே இல்லை" என்று சொன்ன கடைக்கு நானே ஒரு வாடிக்கையாளருக்குத் துணையாகப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

பீடித் தொழிலாளர் குடும்பம் என்றால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் ஆண்டுதோறும் கடைசி நாளைத் தவறவிடுகின்றன.

ஏழாம் படி: சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள்

என் மேசைக்கு வரும் சாதனங்களில் விழுந்து உடைந்தவை ஒரு பங்கு என்றால், மின்சாரத்தில் அடிபட்டவை இன்னொரு பங்கு. ஆனாலும் சாதனம் வாங்கும் முன் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை.

பிள்ளை படிக்கும் இடத்துக்கு அருகில் மூன்று துளைப் பிளக் இருக்கிறதா? அதன் மேல்துளை உண்மையில் எர்த் கம்பியோடு இணைந்திருக்கிறதா? பழைய வீடுகளில் பல இடங்களில் துளை மட்டும்தான் இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பை சார்ஜில் வைத்துத் தடவும்போது சுருசுருவென்று ஒரு கூச்சம் தெரிந்தால், பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். எர்த் இல்லாத பிளக்கில் ஸ்பைக் கார்டு மாட்டுவதும் அரைகுறைப் பாதுகாப்புதான். திடீர் மின்னழுத்தத்தை அது தள்ளிவிட வேண்டிய வழியே அங்கே அடைபட்டிருக்கிறது. முதலில் எலக்ட்ரீஷியன், அப்புறம் கடை.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி ஆரம்பித்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இன்டர்நெட் கம்பி வந்து சேரும் மோடத்தையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சார்ஜர் தொலைந்தால் ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், அதன் கீழே ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜிங் துளை உடைவதற்கு முக்கியக் காரணம்: கம்பி குத்தியபடியே படுத்துக்கொண்டு பார்ப்பது. சார்ஜ் போடும்போது மேசையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் என் மேசைக்கு வரும் டேப்லெட்டுகளில் கணிசமானவை வராது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் லேப்டாப் பேட்டரியில் ஓடும். படுத்துவிடுவது வைஃபை ரவுட்டர். ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான 12 வோல்ட் யுபிஎஸ் விற்கிறது. பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு உங்கள் சாதனத்தில் இருந்தால் போட்டுவிடுங்கள். மெத்தைமேல், தலையணைமேல் லேப்டாப்பை வைத்தால் காற்றுத்துளை அடைபட்டு அக்னி நட்சத்திர வெயிலில் அவிந்துபோகும். தரையில்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் பத்தமடைப் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் வரும் புழுதி விசிறிக்குள் அடைந்துகொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

எட்டாம் படி: வாங்கிவந்த முதல் நாள் மாலை

பூசை, பொட்டு எல்லாம் முடிந்ததும் பிள்ளையிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.

முதலில் கணக்கு. பிள்ளை பெயரில், உண்மையான பிறந்த தேதியோடு. வயதைக் கூட்டிப் போட்டால் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் விலகிவிடும். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் செயலியை உங்கள் போனோடு இணைத்து, இரவு எத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். எத்தனை மணி என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்வது நல்லது. ரகசியமாகப் பூட்டினால் ரகசியமாகத் திறக்கக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து தமிழ். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய் என்று பிள்ளை பத்து நாளில் பழகிவிடும். அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் யோசித்துத் தட்டும் பழக்கம் வேரூன்றும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

பிறகு பாடம். மாநிலப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வருடத்துக்கான அத்தனையையும் இறக்கி ஒரே கோப்புறையில் வையுங்கள். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைத் தீக்ஷா செயலியால் படித்தால் அந்தப் பாடத்தின் வீடியோவும் பயிற்சியும் வரும். பள்ளிக்கல்வித் துறை 2023 ஜூலையில் வெளியிட்ட மணற்கேணி செயலியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாட வீடியோக்கள் இருக்கின்றன. இயற்பியலுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் உருவகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மின்சுற்றில் பல்பை மாட்டுவதும், ஊசலின் நீளத்தை மாற்றுவதும் திரையிலேயே செய்யலாம். சில தமிழிலும் உள்ளன. கணக்குக்கு ஜியோஜீப்ரா. இவ்வளவும் இலவசம். பணம் கட்டும் பயிற்சிச் செயலிக்காரர் வீட்டுக்கே வந்து பேசுவார். இவற்றை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: சிக்னல் இல்லாத வீட்டில்

மணிமுத்தாறுக்கு மேலே, களக்காட்டு மலையடியில், ஏன் சில சமயம் ஊருக்கு நடுவிலேயே ஓட்டுவீட்டின் பின்கட்டில்கூட சிக்னல் நூலாக இழையும். அந்த வீடுகளுக்குச் சாதனம் ஒரு தொலைக்காட்சி மாதிரி இருக்கக் கூடாது; புத்தக அலமாரி மாதிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அம்பாசமுத்திரமோ பாளையோ வரும்போது இறக்கி நிரப்பிக்கொள்வது, பிறகு வாரம் முழுதும் இணையம் இல்லாமல் படிப்பது.

ஒரு மணி நேர வீடியோவை 720 தரத்தில் பார்த்தால் ஏறத்தாழ ஒரு ஜிபிக்கு மேல் போகும். 480 தரத்தில் அதில் பாதி. கரும்பலகை எழுத்து 480-இல் நன்றாகவே தெரியும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டம் வைத்திருக்கும் வீட்டில் இந்த ஒரு மாற்றம் போதும், மாலை ஏழு மணிக்கு டேட்டா தீர்ந்துவிட்டது என்ற புலம்பல் நின்றுவிடும். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் சிக்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

பத்தாம் படி: யார் கையில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம்

ஒரே சாதனம், இரண்டு பிள்ளைகள் என்றால் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன்: அண்ணனுக்கு ஆன்லைன் வகுப்பு, தங்கைக்குச் சமையலறை. "அவள் கேட்கவே இல்லையே" என்பார்கள். கேட்கக் கூடாது என்று யார் பழக்கினார்கள்? விண்டோஸில் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள், அவளுக்கும் சொந்தமாக ஒரு கடவுச்சொல் இருக்கட்டும்.

இடம், நாலு பேர் நடமாடும் பட்டாசாலை. திரையின் பின்புறம் சுவரைப் பார்த்திருக்க, முன்புறம் வீட்டைப் பார்த்திருக்கட்டும். கைநீளத் தூரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் எதையாவது இருபது நொடி பார்ப்பது. வாசலில் வேப்பமரம் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும். இரவில் சாதனமும் அதன் சார்ஜரும் பெற்றோர் அறையில் தூங்கட்டும். அப்பாவின் போனும் அதோடு சேர்ந்து தூங்கினால் பிள்ளை வாதாடாது.

யாராவது மிரட்டினாலோ, படம் கேட்டாலோ, பணம் பறிபோனாலோ பிள்ளை முதலில் உங்களிடம் வர வேண்டும். அதற்குச் சாதனத்தைப் பிடுங்கிவிட மாட்டோம் என்ற வாக்கை இன்றே கொடுத்துவிடுங்கள். 1930 இணையக் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் உறையின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பள்ளி, படிப்பு தொடர்பான சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 14417.

பதினொன்றாம் படி: மழைக்கு முன்னும், தண்ணீர் புகுந்தபின்னும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைதாண்டி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. அடுத்த வாரம் என் மேசையில் சேறு காய்ந்த லேப்டாப்புகள் அடுக்காகக் கிடந்தன. பாதிக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. பெரும்பாலும் தண்ணீரால் இல்லை, "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று யாரோ பொத்தானை அமுக்கியதால்.

ஐப்பசி பிறக்கும் முன் மூன்று காரியங்கள். பிள்ளையின் குறிப்புகள், செய்முறைப் பதிவு, சான்றிதழ்ப் படங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் இருக்கட்டும். வாய் இறுக மூடும் கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று அலமாரியின் மேல்தட்டில் தயாராக இருக்கட்டும். தரையோரம் இருக்கும் பிளக்கிலிருந்து சார்ஜிங்கை மேல் பிளக்குக்கு மாற்றுங்கள்.

நனைந்துவிட்டால்: பிளக் இருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் முதலில் வீட்டின் மெயின் சுவிட்ச், அதுவும் உலர்ந்த இடத்தில் நின்று எட்ட முடிந்தால் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்றால் ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள்; அணைந்திருந்தால் பொத்தானைத் தொடவே வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே வருகிற மாடல் என்றால் அதையும். லேப்டாப்பைத் திறந்து, கூடாரம் போலக் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் அரிசித்தூள் துளைக்குள் போவதுதான் மிச்சம். வெள்ளத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் கலந்திருப்பதால் வெளியே உலர்ந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளுக்குள் யாரிடமாவது கொடுத்துத் திறந்து கழுவுங்கள்.

பேட்டரி வீங்கியிருந்தாலோ இனிப்பான ஒரு நெடி அடித்தாலோ சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தையோ பழுதுபார்ப்பவரையோ கூப்பிடுங்கள். காருகுறிச்சி மண்சட்டி ஒன்று என் மேசைக்குக் கீழேயும் இதற்காகவே இருக்கிறது.